காற்றுக்கு இடமில்லாத செயலி

பொங்கல் விடுமுறையில் ஒரு நாள் மிச்சமிருந்தது. ராமநாதபுரத்திலிருந்து போனால் தொண்டிக்குச் சற்று முன்னால் ஒரு மீனவக் கிராமத்தில், அலையாத்திக் காட்டுக்குள் படகில் போகலாம் என்று ஒரு செயலியில் பார்த்தேன். 'இன்னும் இரண்டே இடங்கள்' என்று சிவப்பில் மினுக்கியது. அவசரமாகத் தலைக்கு நானூறு ரூபாய் கட்டினேன். கூட வந்த தோழி தேன்மொழிக்குச் சென்னையில் செயலிகளின் திரையை வடிவமைக்கும் வேலை. "அந்தச் சிவப்பை நம்பாதடி" என்றாள்.

ராமநாதபுரத்திலிருந்து தொண்டி பஸ்ஸில் சுமார் நாற்பது கிலோமீட்டர். நிறுத்தத்திலிருந்து கரைக்கு நடைதான், ஆட்டோவை எதிர்பார்க்காதீர்கள். கரையில் எங்களைத் தவிர பயணிகளே இல்லை. படகு காலியாக நின்றது.

படகுக்காரர் அந்தோணிக்கு ஐம்பது வயதிருக்கும். "இன்னைக்கு முடியாதும்மா. வாடைக் காத்து ஏறுது" என்றார்.

கடல் எனக்கு அமைதியாகத்தான் தெரிந்தது. செயலியிலும் பயணம் உறுதி என்று பச்சையில் இருந்தது. இரண்டு பேருக்காக டீசல் செலவழிக்க மனமில்லாமல் காற்றைச் சாக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

"அப்ப நீங்களே கேன்சல் பண்ணிருங்கண்ணே."

"நான் பண்ணுனா ஸ்டாரக் கொறச்சுருவாய்ங்க. எம் பேரு அடியில போயிரும், அப்புறம் ஒருத்தரும் வர மாட்டாங்க. நீங்க பண்ணுங்களேன்."

ரத்துசெய்கிற பழியையும் பண நட்டத்தையும் எங்கள் மேல் தள்ளுகிறாரோ என்று சந்தேகம் கூடியது. தேன்மொழி அவர் போனை வாங்கிப் பார்த்தாள். 'பயணத்தைத் தொடங்கு' என்ற பொத்தான் பாதித் திரையை அடைத்திருந்தது. ரத்துசெய்யும் வழி மூன்று திரை தாண்டி, சாம்பல் நிறப் பொடி எழுத்தில். அங்கே காரணம் கேட்டது: படகு பழுது, உடல்நலமின்மை, சொந்த வேலை. காற்று இல்லை.

"கடல்ல போற படகுக்குச் செஞ்சுட்டு காத்தை மறந்துட்டாங்களா?" என்றேன்.

"மறந்திருக்க மாட்டாங்க. காத்துன்னு வச்சா யார் மேலயும் பழி போட முடியாது, கம்பெனிதான் காசைத் திருப்பணும். யாரோ கூட்டம் போட்டுப் பேசித்தான் அதைச் சேர்க்காம விட்டிருப்பாங்க."

நாங்கள் ரத்துசெய்யப் போவதில்லை என்று அந்தோணி நினைத்திருக்க வேண்டும். "சரி, ஏறுங்க. கரையோரமா ஒரு சுத்து போயிட்டு வந்துருவோம். சட்டைய இறுக்கிக் கட்டிக்கங்க" என்று உயிர்காப்புச் சட்டைகளை நீட்டினார். அவர் முகத்தைப் பார்த்தேன். பயந்திருந்தார். சாக்குச் சொல்கிறவர் முகம் அப்படி இருக்காது.

"வேணாம்ணே" என்றேன்.

என் போனிலும் காரணம் கேட்டது. 'படகோட்டி வரவில்லை' என்றால் முழுப் பணமும் கிடைக்கும். 'மனம் மாறிவிட்டது' என்றால் ஒன்றும் கிடைக்காது. மனம் மாறிவிட்டது என்றே அழுத்தினேன்.

அரை மணி நேரத்தில் காற்று மணலை வாரி அடித்தது. மீன்பிடிக்கக் கடலுக்குப் போயிருந்த வள்ளம் ஒன்று அலையில் தத்தளித்து வந்தது; அந்தோணியும் இன்னும் சிலரும் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி இழுத்துக் கரை சேர்த்தார்கள்.

போகிறவர்களுக்கு: முதல் நாளே படகுக்காரரிடம் பேசி, காற்று எப்படி என்று கேளுங்கள். வாடை மாதங்களில் முடிவை அவரிடமே விடுங்கள். பணம் கட்டுமுன் ரத்துக்கான காரணங்களைப் படித்து, அதில் எது இல்லை என்று பாருங்கள்.

அவர் "ஏறுங்க" என்றபோது, தேன்மொழி அந்தத் திரையைப் பிரித்துக் காட்டியிருக்காவிட்டால், நான் அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஏறியிருப்பேன்.