கொலுப் படிக்கு அடியில் ஒரு சார்ஜர்

இனி சிகரெட்டைத் தொடமாட்டேன் என்று மகளின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தவன் நான். அப்போது அவளுக்கு எட்டு வயது. என் இருமலைக் கேட்டு அவள் பயந்து அழ, என் மனைவிதான் அவளைக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தினாள். சத்தியத்தைக் காப்பாற்றினேன். அதாவது, சிகரெட்டைத் தொடவில்லை. வெளிநாடு போய்வந்த அலுவலக நண்பன் கொடுத்த, பேட்டரியில் நிகோடினை ஆவியாக்கி இழுக்கும் வேப் ஒன்றை மட்டும் வைத்திருந்தேன். தடித்த பேனா அளவுதான் இருக்கும். நம் ஊரில் அதை விற்கவே தடை என்பதெல்லாம் தெரியும். ஆனால் இது புகை இல்லை, ஆவி. சிகரெட் இல்லை, பேட்டரி என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடி, நானே நீதிபதியாக விடுதலையும் கொடுத்திருந்தேன்.

இழுப்பதில் சிக்கல் இல்லை. சாயங்காலம் நடக்கப் போகும் பெசன்ட் நகரில் கடற்காற்று எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும். சார்ஜ் போடுவதுதான் பெரும்பாடு. அபிராமபுரத்தில் எங்கள் வீடு சின்னது. எந்த பிளக்கில் எது செருகியிருக்கிறது என்பது என் மனைவிக்கு மனப்பாடம்.

நவராத்திரி வந்தது, எனக்கு விடிவுகாலமும் வந்தது. ஏழு படிக் கொலு. மேலே விரித்த வெள்ளை வேட்டி தரைவரை தொங்கும். சீரியல் விளக்குக்கான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் உள்ளே. பொம்மைகள் ஏறிவிட்டால் விஜயதசமிவரை யாரும் படியை அசைக்கமாட்டார்கள். இதைவிடப் பத்திரமான இடம் சென்னையில் கிடைக்குமா? கூடவே வந்த சார்ஜரைத் தொலைத்திருந்ததால், போனின் அதிவேக சார்ஜரில் மாட்டி, வேட்டி மடிப்புக்குள் செருகிவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

நாலாம் நாள் சாயங்காலம். எதிர்வீட்டு அம்மாள் பாடிக்கொண்டிருந்தார். படிக்குக் கீழே என் மகள் தன் பார்க்குக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். முளைவிட்ட கடுகுதான் புல்வெளி. ஓரத்தில் நிஜக் கடற்கரை மணல் கொட்டி ஒரு பீச்சும் போட்டிருந்தாள்.

“அப்பா, பார்க்குக்குப் பின்னாடி புகை வருது.”

எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. அவளை வாரித் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் மெயினை அணைத்தேன். பாட்டு பாதியில் நின்றது. கீழே மோட்டார் பழுது பார்க்க வந்திருந்த எலக்ட்ரீஷியனை மனைவி கூப்பிட்டாள். அவர் படிக்கு அடியில் தவழ்ந்து போய், இடுக்கியில் அதைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். என் மகளின் பீச் முழுவதையும் வாரி வாளியில் கொட்டி, அதற்குள் புதைத்தார்.

“இன்னா சார், துணிக்குள்ள சுத்திவெச்சா சார்ஜ் போடுவாங்க? வெறுந்தரையில, கண்ணெதிர்ல வெச்சிப் போடணும். அதுக்குன்னு குடுத்த சார்ஜர்லதான் போடணும். ரொம்பிச்சின்னா கழட்டிடணும். பேட்டரி எப்டி ஊதிக்கீது பாரு!”

“என்ன இது?” என்றாள் மனைவி.

அவர் என் முகத்தைப் பார்த்தார். நல்ல மனுஷர். “சீரியல் செட்டு பேட்டரிம்மா. டூப்ளிகேட்டு” என்றார்.

தப்பித்தேன் என்றுதான் முதலில் நினைத்தேன். என் மகள் இன்னும் என் தோளில் ஒட்டிக்கொண்டிருந்தாள். அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு ஒரு சாண் பின்னால், வேட்டியில் உள்ளங்கை அகலத்துக்குக் கருகியிருந்தது.

“என்னுது. வேப்” என்றேன்.

மனைவி எதிர்வீட்டு அம்மாளுக்கு வெற்றிலை பாக்கு கொடுத்து அனுப்பினாள். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்: “நடுவுல கொலுவைக் கலைக்கக் கூடாது. துணி இப்படியேதான் இருக்கும். வர்றவங்க கேட்டா நீங்களே பதில் சொல்லுங்க.”

கேட்காமல் இருப்பார்களா? மயிலாப்பூரிலிருந்தும் திருவான்மியூரிலிருந்தும் சுண்டல் வாங்க வந்தவர்கள் பொம்மையைப் பார்ப்பதற்கு முன் அந்தக் கருகலைப் பார்த்தார்கள். ஐந்து நாளும் ஹாலில் நின்று, வெறுந்தரை, சரியான சார்ஜர், கண்ணெதிரே என்று பிரசங்கம் செய்தேன். ஆயுத பூஜைக்குள் பேர் பரவிவிட்டது. ஒரு மாமி தன் காது மெஷினை எப்படி சார்ஜ் போடுவது என்று என்னிடமே ஆலோசனை கேட்டார். மனைவி சமையலறையில் சிரிப்பது கேட்டது. கோபம் தணிந்துவிட்டது என்று கொஞ்சம் தெம்பு வந்தது.

எல்லாம் முடிந்து பொம்மைகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தோம். மகள் வேட்டியின் ஒரு முனையைப் பிடிக்க, மறுமுனையை நான் பிடித்து மடித்தேன். அவள் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்:

“அம்மா உன்மேல சும்மா கோவப்பட்டாங்கப்பா. நீ சிகரெட்டைத்தானே தொடமாட்டேன்னு சொன்னே? இது பேட்டரிதானே?”

என் வாதம், வார்த்தை மாறாமல். வெட்கம் பிடுங்கித் தின்றது.

“இல்லம்மா. ரெண்டும் ஒண்ணுதான். அப்பா சத்தியத்தை மீறிட்டேன்.”

அவள் வேட்டியை விட்டுவிட்டு, தன் உச்சந்தலையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.