இலையில் இல்லாத வட்டம்

அவருக்கு ‘அங்குலம்’ என்று பெயர் வைத்தது நான்தான். பயிர்ப் பாதுகாப்பு அலுவலகத்தில் விவசாயிகளுக்கான நோட்டீஸ்களுக்குப் படம் வரைவது அந்த அம்மாவின் வேலை. படத்துக்குக் கீழே எழுதுவது என் வேலை. எதிரெதிர் மேஜை. நோய் பிடித்த இலை ஒன்று வந்தால் முதலில் அதைச் சின்ன ஸ்கேலால் அளப்பார். எத்தனை புள்ளி, ஒவ்வொன்றும் எவ்வளவு அகலம், நரம்பிலிருந்து எவ்வளவு தள்ளி என்று துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்ட பிறகுதான் பிரஷ்ஷைத் தொடுவார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், புழு கடித்த ஓட்டையையும் அளந்தாயிற்றா என்று கேட்டேன். “மூணு மில்லிமீட்டர்” என்றார், சிரிக்காமல். அன்றைக்கு வைத்த பெயர். முதுகுக்குப் பின்னால் அலுவலகமே அப்படித்தான் கூப்பிட்டது. அது அவருக்கும் தெரியும்.

நாங்கள் அச்சடித்த நோட்டீஸ்களின் கதி என்ன என்பதில் எனக்கு ஒருபோதும் மயக்கம் இருந்ததில்லை. ஐயாயிரம் அடித்தால் பாதி கிடங்கில் கரையானுக்கு. மீதியில் பெரும்பகுதி பேருந்து இருக்கையைத் துடைக்கவும் பொட்டலம் மடிக்கவும். வரி விடாமல் படிக்கிற ஒரே ஆளை எனக்குத் தெரியும். அது அவருடைய அண்ணன். தக்காளித் தோட்டம் வைத்திருந்தார். தங்கை வரைந்த படம் என்பதால் ஒவ்வொன்றையும் பம்ப் செட் அறையின் சுவரில் வரிசையாக ஒட்டிவைப்பார். பார்க்க வருகிறவர்களிடம், “எங்க பாப்பா வரைஞ்சது” என்பார். பாப்பாவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது.

தொல்லை ஒரு பெரிய அதிகாரியால் வந்தது. சுற்றிப் பார்க்க வந்தவர் அங்குலத்தின் மேஜையருகே நின்று, ஒவ்வொரு தாளாகத் தூக்கிப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் இலை அடையாள அட்டைக்குப் போட்டோ எடுக்க உட்கார்ந்த மாதிரி இருக்கிறது, உயிரே இல்லை என்று சொல்லிவிட்டு, தேநீர் குடிக்கப் போய்விட்டார். இரண்டு நிமிடப் பேச்சு. இருபத்திரண்டு வருடம் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு வரைந்தவருக்கு அது எங்கே போய்த் தைக்கும் என்று அந்த ஆளுக்கு என்ன கவலை. இவர் அன்று மதியம் சாப்பிடவில்லை. அடுத்த சனிக்கிழமை நீர்வண்ண வகுப்பு ஒன்றில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

வகுப்பு நடத்திய பெண்ணுக்கு இருபத்தேழு வயதிருக்கும். அவள் கற்றுக்கொடுத்தது எதுவும் புத்தகத்தில் இருக்கிற முறை இல்லை. தாளைக் குழாயடியில் நனைத்துவிட்டு வண்ணத்தை ஊற்றுவது, பலகையைச் சாய்த்து ஓட விடுவது, ஈரத்தின்மேல் கல் உப்பைத் தூவுவது, பிளாஸ்டிக் தாளைக் கசக்கி அழுத்திவைத்துக் காய்ந்த பின் உரிப்பது, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தெறிக்க விடுவது, இப்படி. வண்ணம் பாதி காய்ந்திருக்கும்போது ஒரு சொட்டு வெறும் தண்ணீர் விட்டால், அது வண்ணத்தை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய், நடுவில் வெளுத்து, விளிம்பு சுருக்கம் சுருக்கமாக ஒரு வட்டம் பூக்கும். மற்ற இடங்களில் அதற்குப் பெயர் பிழை. அந்த வகுப்பில் அதுதான் பாடம்.

வேடிக்கை பார்க்க நானும் ஒரு சனிக்கிழமை போனேன். மனுஷி அங்கேயும் ஸ்கேலோடுதான் உட்கார்ந்திருந்தார். உப்பு எத்தனை கல் போட வேண்டும் என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. தண்ணீர் ஓட ஆரம்பித்தால் போதும், கையும் ஓடாது காலும் ஓடாது. ஒற்றுத்தாளை எடுத்து ஒற்றிவிடுவார். அந்தப் பெண் ஒற்றுத்தாளைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

“தண்ணி என்ன செய்யணும்னு நினைக்குதோ செய்யட்டும்மா. நீங்க கையைக் கட்டிக்கிட்டு சும்மா பாருங்க” என்றாள்.

கையைக் கட்டிக்கொண்டு பார்க்க அவருக்கு நான்கு மாதம் பிடித்தது. திங்கட்கிழமை தோறும் வந்து எனக்குக் காட்டுவார். முதலில் வந்ததெல்லாம் சேறு. பிறகு ஒரு திங்கள், நீலமும் பச்சையும் ஒன்றுக்குள் ஒன்று இறங்கிய தாள் ஒன்றைக் கொண்டுவந்தார். அது எதன் படமும் இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு, “இதை நான் வரையல தம்பி, அதுவா வந்துச்சு” என்றார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருபது வருடத்தில் எனக்கென்று எதுவும் அதுவாக வந்ததில்லை.

அந்த மாதம்தான் தக்காளி வளைய நோய்க்கான நோட்டீஸ் வந்தது. மருந்தில்லாத நோய். செடியைப் பிடுங்கி எரிப்பது ஒன்றே வழி. மாதிரி இலையில் பழுப்பு வளையங்கள் ஏழு இருந்தன. வழக்கம்போல அளந்து வரைந்தார். அடிப்பூச்சு பாதி காய்ந்த நேரத்தில் அவர் கை ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டது. தவறி விழுந்ததா, விட்டாரா என்று நான் கேட்டதில்லை. ஒரு வெளிறிய வட்டம் பூத்தது. ஒற்றுத்தாள் பக்கத்தில்தான் இருந்தது. அவர் எடுக்கவில்லை. இன்னும் இரண்டு சொட்டு விட்டார். காய்ந்த பிறகு பார்த்தால், சத்தியமாகச் சொல்கிறேன், தாளிலிருந்து பறித்துவிடலாம் போல் இருந்தது அந்த இலை.

அடுத்தது என் பங்கு. மாதிரி இலை அதற்குள் அழுகிப்போய்க் குப்பைக்குப் போயிருந்தது. நான் படத்தைப் பார்த்து எழுதினேன். எப்போதும் அப்படித்தான்; அங்குலம் வரைந்ததற்கு மேல் இலையில் என்ன இருந்துவிடப் போகிறது? பழுப்பு வளையம் முற்றிய நிலை என்றால், வெளிறிய வட்டம் தொடக்க நிலையாகத்தான் இருக்க வேண்டும் என்று நானே முடிவு செய்தேன். ‘முதல் அறிகுறி: இலையில் வெளிறிய வட்டங்கள், சுருங்கிய விளிம்பு. கண்டவுடன் செடியைப் பிடுங்கி எரிக்கவும். கையால் இலையைத் தொட வேண்டாம், நோய் பரவும்.’ நிபுணர் என் எழுத்தைப் படித்துக் கையெழுத்துப் போட்டார். மேலதிகாரி நிபுணரின் கையெழுத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். இலையை யாரும் பார்க்கவில்லை. அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்கள். இப்போதுதான் உயிர் இருக்கிறது என்று பழைய பெரிய அதிகாரியே கடிதம் எழுதினார்.

ஐந்து வாரம் கழித்து அவருடைய அண்ணன் போன் செய்தார். எதிர் மேஜையில் இருந்த எனக்கே கேட்கிற குரல். ஆயிரத்து நூறு செடியைப் பிடுங்கி எரித்துவிட்டாராம். காய் பழுக்க இன்னும் பத்து நாள்தான் இருந்ததாம்.

“போனது போகட்டும் பாப்பா. மிச்சப் பாதியாவது பிழைச்சுது. நீ வரைஞ்சது அச்சு அசலா அப்படியே இருந்துச்சு. அந்த நோட்டீஸ் மட்டும் இல்லைன்னா மொத்தமும் போயிருக்கும்” என்றார்.

இவர் முகத்தில் ஈயாடவில்லை. பழுப்பு வளையம் இருந்ததா என்று கேட்டார். அதெல்லாம் வருவதற்கு முன்னாலேயே பிடுங்கிவிட்டேன் என்றார் அண்ணன், பெருமையாக. இவர் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனோம். தோட்டத்தின் பாதி மொட்டையாகக் கிடந்தது, ஓரத்தில் சாம்பல் மேடு. அந்தப் பாதிக்குப் போட்டிருந்த தெளிப்பான் சும்மா நின்றது; மறுபாதிக்கு வாய்க்கால் பாசனம். அண்ணி வந்து குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். ஒரு வாய் குடித்தேன், உப்புக் கரித்தது. மழை இல்லாததால் இரண்டு மாதமாகக் குடிக்கவும் செடிக்கும் ஆழ்குழாய்த் தண்ணீர்தான் என்றார். நான் தம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

தங்கைக்குக் காட்டுவதற்கென்று அண்ணன் ஒரே ஒரு இலையை, கையுறை போட்டுப் பறித்து, நோட்டீஸ் மடிப்பிலேயே பாடம் செய்து வைத்திருந்தார். பிரித்துக் காட்டினார். வெளிறிய வட்டம், சுருங்கிய விளிம்பு. படத்துக்கும் அதற்கும் மயிரிழை வித்தியாசம் இல்லை. உப்புத் தண்ணீரின் ஒரு சொட்டு வெயிலில் காய்ந்தால் இலையில் என்ன செய்யுமோ அதைத்தான் வகுப்பில் ஒரு சொட்டு தாளில் செய்தது. தங்கை கட்டை விரலை நாக்கில் நனைத்து, அண்ணன் தடுப்பதற்குள், இலையைத் துடைத்தார். வட்டம் போய்விட்டது. கீழே நல்ல பச்சை.

அண்ணன் இலையைப் பார்த்தார். பிறகு தெளிப்பானைப் பார்த்தார், சாம்பலைப் பார்த்தார். என் படம்தான் தப்பு அண்ணா, இலையில் இல்லாததைப் போட்டுவிட்டேன் என்று இவர் சொன்னார். அழவில்லை. குரல் மட்டும் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். செருப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

“பக்கத்துத் தோட்டக்காரங்க ரெண்டு பேரையும் நான்தான் பிடுங்க வெச்சேன்” என்றார் அண்ணன் கடைசியாக. “நோட்டீஸைத் தூக்கிக்கிட்டு வீடு வீடாப் போனேன். என் தங்கச்சி வரைஞ்சது, தப்பா இருக்காதுன்னு சொன்னேன். இது யாருக்கும் தெரிய வேணாம் பாப்பா. நோய்னாவே இருந்துட்டுப் போகட்டும்.”

இருந்துவிட்டுப் போயிருக்கலாம்தான். ஆனால் அந்த வாரமே வேறு இடங்களிலிருந்து கடிதங்கள் வர ஆரம்பித்தன. வெளிறிய வட்டம் கண்டது, பிடுங்குகிறோம், நன்றி. நன்றி என்ற சொல்லைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது. அண்ணனின் மானமா, முன்பின் தெரியாதவர்களின் செடியா என்று அவர் இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்தார். மூன்றாம் நாள் என்னையும் கூட்டிக்கொண்டு மேலதிகாரியின் அறைக்குப் போய், எங்கள் படம் தவறு என்று திருத்த நோட்டீஸ் போட வேண்டும் என்றார். மேலதிகாரி மறுக்கவே இல்லை. தாராளமாகப் போடலாம், படத்தை மாற்றி வரையுங்கள் என்றார். இவர் வெளியே போன பிறகு என்னை மட்டும் நிறுத்திவைத்து, அலுவலகத்தின் பெயர் அடிபடாமல் எழுதச் சொன்னார்.

புதுப் படத்தை அவர் மூன்று நாள் வரைந்தார். நீர்க்கறை படிந்த நல்ல இலை. ஒரு சொட்டு விட்டால் ஒரு நிமிடத்தில் வந்திருக்கும் அந்த வட்டத்தை, ஸ்கேலால் அளந்து, உலர்ந்த பிரஷ்ஷின் நுனியால், சுருக்கம் சுருக்கமாகப் போட்டார். வகுப்புக்குப் போவதை நிறுத்தியிருந்தார். நீலமும் பச்சையும் இறங்கிய அந்தத் தாளை நான்காக மடித்து, ஆடிய மேஜைக் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தார். நான் அதைக் கண்டும் காணாமல் இருந்தேன்.

எழுத்து என்னுடையது. பூசி மெழுகுவதில் எனக்கு நல்ல கை. ‘சில விவசாயிகள் காய்ந்த நீர்க்கறையை நோய் எனத் தவறாக எண்ணிச் செடிகளைப் பிடுங்கியதாகத் தெரிகிறது. நீர்க்கறை துடைத்தால் போய்விடும்.’ தவறு மொத்தமும் பிடுங்கியவர்கள் தலையில். அச்சுக்குப் போகும் முன் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டார். நேரமில்லை என்று சொல்லி அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

அண்ணன் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். அதற்கு முன் அங்கே வந்ததில்லை. வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டியிருந்த பழைய படத்தைக் கடந்துதான் வந்திருக்க வேண்டும். புது நோட்டீஸைத் தங்கையின் மேஜைமேல் விரித்துவைத்தார். சத்தம் போடவில்லை.

“தவறா எண்ணின சில விவசாயி நான்தானே?” என்றார். “அவங்க ரெண்டு பேரும் இதைப் படிச்சுட்டாங்க. இப்ப எதிர்ல வந்தா என் மூஞ்சியக்கூடப் பாக்குறதில்ல. துடைச்சா போயிடும்னு எழுதியிருக்கியே. எங்க, அதைத் துடைச்சுக் காட்டு.”

அந்த வரியை எழுதியது அவரில்லை. ஒரு சொல் போதும், விரலை நீட்டியிருந்தால்கூடப் போதும், மூன்றடி எதிரில் நான் உட்கார்ந்திருந்தேன். அவர் நீட்டவில்லை. அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் பென்சில் ஒன்றைச் சீவிக்கொண்டிருந்தேன்; நன்றாகச் சீவியிருந்த பென்சில். அண்ணன் நோட்டீஸை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். பம்ப் செட் அறைச் சுவரிலிருந்த படங்களையெல்லாம் கிழித்துவிட்டார் என்று பிறகு அண்ணி சொல்லித் தெரிந்தது.

இது நடந்து மூன்று வருடமாகிறது. அண்ணன் தங்கையோடு பேசுவதில்லை. இவரும் அந்த வரியைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. முன்பெல்லாம் வரைந்து முடித்ததும் படத்தை மட்டும் என் பக்கம் தள்ளுவார். இப்போது முதலில் இலையை வைக்கிறார், பக்கத்தில் ஸ்கேலையும் வைக்கிறார். நான் அளந்து முடிக்கும்வரை படத்தைத் தருவதில்லை.