பலவேசம் அண்ணாச்சி ஏலம் விட்ட புத்தகம்

கீழே நான் எழுதப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை. வலது கையைக் கருவாட்டுத் தராசின் மேல் வைத்து இதை முதலிலேயே சத்தியமாகச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டிலேயே நம்பவில்லை. ஆனாலும் ஒரு நல்ல மனிதர் போன பிறகு அவரைப் பற்றி நிறுத்துப் பார்த்து எழுத எனக்குக் கை வராது. நிறுப்பதெல்லாம் கடையோடு சரி.

செய்தி காலையில் வந்தது. திரேஸ்புரத்தில் என் கடை வாசலில் சீலாக் கருவாட்டைச் சிப்பமாகக் கட்டிக்கொண்டிருந்தேன். வத்தல் தரகர் செல்லையா வந்து, குடையை மடக்காமலே நின்றார்.

"வே, பலவேசம் அண்ணாச்சி போயிட்டாரு."

"எங்க? திருச்செந்தூருக்கா?"

"போயிட்டாருன்னா போயிட்டாரு வே. வெள்ளென நெஞ்சப் பிடிச்சிக்கிட்டு உக்காந்தவருதான்."

அந்தக் கணத்தில் துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் எல்லாம் தாமாகவே ஒருமுறை ஊளையிட்டன. கலங்கரை விளக்கம் பட்டப்பகலில் கண்ணை மூடித் திறந்தது. உப்பளங்களில் உப்பு விளைய மறுத்து, தண்ணீர் தண்ணீராகவே நின்றது. இவற்றையெல்லாம் நான் பார்க்கவில்லை. நடந்திருக்க வேண்டும் என்று சொல்கிறேன். எனக்கு நடந்தது இவ்வளவுதான்: கையில் கயிறு இருந்தது, முடிச்சுப் போட வரவில்லை.

அவரை அறிந்தவர்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அறியாத பாவப்பட்ட ஜனங்களுக்காகச் சொல்கிறேன். கடைத்தெருப் புத்தகக் கடையில் வேலை பார்த்தவர் அவர். கல்லாவில் முதலாளி இருந்தார் என்றாலும், புத்தகம் வாங்க வருகிறவர்கள் முதலாளி பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். நேரே அண்ணாச்சியிடம்தான் போவார்கள். அவர் ஆளை ஏற இறங்கப் பார்த்து, வைத்தியர் சூரணம் எடுத்துக் கொடுப்பதுபோல ஒரு புத்தகத்தை எடுத்துக் கையில் வைப்பார். "இதப் படியும். மூணு நாளைக்குப் புளி சேக்காதியும்" என்று சொல்லாதது ஒன்றுதான் குறை. பஞ்சாங்கம் கேட்டு வந்த ஒருவருக்கு அவர் ஒரு நாவலைக் கொடுத்தனுப்ப, அந்த மனிதர் அதைப் படித்த மயக்கத்தில் நல்ல நாள் பார்க்க மறந்து, மகள் கல்யாணத்தை ராகு காலத்தில் நடத்திவிட்டார். தம்பதிகள் இன்றைக்கும் சௌக்கியமாக இருப்பதால் அந்தக் குடும்பத்தில் பிற்பாடு யாரும் பஞ்சாங்கமே வாங்குவதில்லை.

"புத்தகத்த முதுகப் பாத்து வாங்காதிய, அது மாட்டுக்குத்தான்" என்பார். இன்னொன்றும் சொல்வார்: "படிச்சு முடிச்ச பொறவு, சாப்பிட்ட சோத்துல உப்பு கெடந்துதா இல்லையான்னே தெரியக் கூடாது. அதுதான் நல்ல புத்தகம்." உப்பு வியாபாரம் பார்க்கிற ஊரில் இப்படிப் பேச ஒரு தைரியம் வேண்டும்.

புத்தகக் கடைக்கு வருமுன் அவர் சிப்பி ஏலத்தில் விலை கூவியவர். முத்துக்குளிப்பு நடந்த வருஷங்களில், கடலிலிருந்து வந்த சிப்பிகளை மூடியது மூடியபடியே குவித்து ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதைதானா என்று வாங்குகிறவனுக்குத் தெரியாது. கெட்டிக்காரர்கள் அதைத் திறக்கவே மாட்டார்கள். ஆசை இருக்கும்போதே அடுத்தவன் தலையில் கட்டி லாபம் பார்த்துவிடுவார்கள். அந்த ஏலங்களில் அண்ணாச்சி ஒரு குரல் கொடுத்தால் கொழும்பில் காக்கை பறக்கும். பிறகு கடலடிப் பாரில் சிப்பி அற்றுப்போயிற்று, குளிப்பும் நின்றது. அவ்வளவு பெரிய குரலை வைத்துக்கொண்டு அவர் புத்தகக் கடைக்கு வந்து, மெல்லப் பேசப் பழகிக்கொண்டார்.

யுத்தம் வந்தது. காகிதத்துக்குப் பஞ்சமும் வந்தது. பலசரக்குக் கடைக்காரர்கள் சரக்கு மடிக்கத் தாள் இல்லாமல் புத்தகக் கடை வாசலில் தராசோடு வந்து நின்றார்கள். விற்காமல் கிடக்கிற புத்தகங்களை எடைக்குப் போட்டுவிட முதலாளி தீர்மானித்தார். அப்படிக் கிடந்தவற்றில் ஒரு பெரிய கட்டு முழுக்க, அண்ணாச்சிக்கு உயிரான ஒரே புத்தகத்தின் பிரதிகள். எழுதியவர் பெயரை யாரும் கேள்விப்பட்டதில்லை. மட்டமான பழுப்புத் தாள். அட்டையில் ஒரு படம்கூடக் கிடையாது. வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி அவருக்கு நாக்குத் தேய்ந்தது. எல்லாரும் "பொறவு பாப்போம் அண்ணாச்சி" என்று பஞ்சாங்கத்தை வாங்கிக்கொண்டு போனார்கள்.

நான் கடையில் இருந்தபோதுதான் அந்தப் பேச்சு நடந்தது.

"அண்ணாச்சி, அந்தக் கட்ட எடைக்குப் போட்டிருதேன்" என்றார் முதலாளி.

"முதலாளி, அது பெருங்காயம் மடிக்கிற காயிதம் இல்ல."

"பெருங்காயத்தயாவது சனம் வாங்குதே வே!"

அண்ணாச்சி கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "ஒரு சந்தை நாள் பொறுங்க. நான் வித்துத் தாரேன்" என்றார்.

சந்தை நாளில் கடை வாசலில் ஒரு முக்காலியைப் போட்டு ஏறி நின்றார். பக்கத்தில் குவியலாக ஓலைக்கட்டுகள். ஒவ்வொரு புத்தகத்தையும் பனையோலையில் பொதிந்து, நாரால் இறுக்கிக் கட்டியிருந்தார். ஓரம்கூடத் தெரியவில்லை.

"கொலுக்கிப் பாக்கலாம். மோந்து பாக்கலாம். உள்ள என்னன்னு மட்டும் கேக்கக் கூடாது! சிப்பி ஏலம் பாத்த ஊருதானலே இது? வாங்க, கேளுங்க!"

வருஷக்கணக்காய் அடைத்துக் கிடந்த குரல் அப்படியே வெளியே வந்தது. கப்பலுக்குப் பஞ்சு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் பொதியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். தருவைகுளத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த வள்ளங்கள் பாயைத் திருப்பிக்கொண்டு வந்தன. குவியல் மதியத்துக்குள் காலி. தன்னுடைய சொந்தப் பிரதியையும் அவர் ஆவேசத்தில் ஏலம் விட்டுவிட்டார். செல்லையா ஒன்று எடுத்தார். நானும் ஒன்று எடுத்தேன். பலசரக்குக் கடைக்காரர்கள் வெறுந்தராசைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அன்று அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். முத்துக்குளிப்புச் சலாபம் மறுபடி நடந்துவிட்டது போன்ற ஒரு முகம்.

அவர் மறந்துபோனது ஒன்றே ஒன்று. இது சிப்பி ஏலம் பார்த்த ஊர்.

ஒருவரும் கட்டைப் பிரிக்கவில்லை. பிரித்தால் அது வெறும் புத்தகம். பிரிக்காதவரை அது என்னவாகவும் இருக்கலாம். மறுநாளே ஒரு கட்டு சற்றுக் கூடுதல் விலைக்குக் கைமாறியது. அதற்கடுத்து இன்னும் கூடுதலாக. சும்மாவா விலை ஏறும் என்று யோசித்த யாரோ ஒரு புத்திசாலி, அண்ணாச்சி பழைய நாளில் பதுக்கிய ஒரு முத்தை ஏதோ ஒரு புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார் என்று கண்டுபிடித்தான். அவ்வளவுதான். மாப்பிள்ளையூரணியில் ஒரு கல்யாணத்தில் இரண்டு வெண்கலக் குத்துவிளக்கோடு ஒரு ஓலைக்கட்டும் சீராகப் போயிற்று. இன்னொரு கட்டு தோணியேறிக் கொழும்புக்குப் போய், அங்கே நாலு கைமாறி, ஊருக்குத் திரும்பும்போது தனக்கென்று ஒரு வேலைக்காரனை வைத்துக்கொண்டு வந்தது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊர் பயந்தபோது, ஜனங்கள் முதலில் கட்டைத் தூக்கினார்கள், பிறகு பிள்ளைகளைத் தூக்கினார்கள்.

அண்ணாச்சி தெருவில் நின்று கத்தினார். "முத்தும் கெடையாது, மண்ணும் கெடையாது! கததான் இருக்கு. பிரிச்சுப் படிங்கய்யா!" கடையில் சரக்கு இருக்கிறவன்தான் இல்லை என்று சத்தியம் பண்ணுவான் என்று ஊர் முடிவு கட்டியது. சாயங்காலத்துக்குள் விலை இன்னும் ஏறிவிட்டது.

அதன்பின் தினமும் ஒரு கேள்வி. கடைக்குப் போகும் வழியில், வரும் வழியில், எதிர்ப்பட்டவரிடமெல்லாம், "படிச்சியளா?" என்பார். எங்கள் பதிலும் ஒன்றுதான்: "இன்னும் பிரிக்கல அண்ணாச்சி." ஒருநாள் காப்பிக் கடையில் பொறுக்கமாட்டாமல் கதையைத் தானே சொல்லத் தொடங்கினார். "ஒரு ஊர்ல ஒரு புருசனும் பொண்டாட்டியும்" என்று ஆரம்பித்ததும் செல்லையா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"சொல்லாதிய அண்ணாச்சி, புண்ணியமாப் போவும்! கத வெளிய தெரிஞ்சா வெல விழுந்துரும்."

"வெல விழுந்தா விழட்டும்வே. கேளும்."

"எம் மவ கல்யாணத்துக்கு அதத்தான் மலபோல நம்பி வச்சிருக்கேன்."

அண்ணாச்சி காப்பி டம்ளரைத் தள்ளி வைத்தார். பிறகு தாழ்ந்த குரலில், "சரி. அப்ப ஒரு நாளைக்குத் தாரும். எனக்கே அதப் படிச்சு ரொம்ப நாளாச்சு. எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல. படிச்சிட்டுத் தாரேன்" என்றார்.

"தாராளமா! பிரிக்காமப் படிச்சிட்டுத் தாரும்" என்றார் செல்லையா.

கடையே சிரித்தது. அண்ணாச்சியும் சிரித்தார். எல்லாருக்கும் முன்னால் எழுந்து போனவரும் அவர்தான்.

யுத்தம் ஓய்ந்தது. காகிதம் வந்தது. புதுப் புதுப் புத்தகங்கள் வண்ண அட்டையோடு வந்தன. கட்டுகளின் விலை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஆனாலும் யாரும் பிரிக்கவில்லை. இத்தனை காலம் வைத்திருந்துவிட்டு இப்போது பிரிப்பதா என்ற எண்ணம் எங்களுக்கு. அண்ணாச்சியின் கேள்வி மட்டும் சுருங்கிக்கொண்டே வந்தது. முதலில் "படிச்சியளா?" என்று வாய்விட்டுக் கேட்டவர், பிற்பாடு புருவத்தை மட்டும் உயர்த்துவார். கடைசி நாட்களில் என் கடையைத் தாண்டும்போது அதுவும் இல்லை. "கருவாடு எப்படி?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

அவர் போன அன்று துஷ்டி வீட்டில் ஊரே கூடியிருந்தது. அவர் மனைவி இசக்கியம்மாள் அழுது ஓய்ந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளைத் தேற்றுவதாக நினைத்து நாங்கள் ஆளுக்கொரு புகழுரை சொன்னோம். அவர் கையால் புத்தகம் வாங்காத வீடு இந்த ஊரில் உண்டா என்று ஒருவர் கேட்டார். நான் என் பங்குக்கு, அவர் சொல்லி விற்ற புத்தகங்களை அடுக்கினால் அவற்றின் மேல் நடந்தே மணப்பாடு போய்விடலாம் என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்குனிய, சரி. அந்த ஓலக்கட்டுப் புத்தகத்த ஒருத்தராவது படிச்சியளா? நல்லா இருக்குன்னு ஒரு வாய்ச்சொல்லு கேட்டுட்டாப் போதும்னு கெடந்தாவ. ராத்திரி முழுக்க அதேதான். ஒருத்தராவது?"

தெருவில் ஒரு மாட்டுவண்டி போகிற சத்தம் கேட்டது. செல்லையாதான் தொண்டையைச் செருமினார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. பெரிய உபகாரம் ஒன்றைச் சொல்கிறவர்போல, "எங்கிட்ட இருக்கது பிரிக்காமப் பத்திரமா இருக்கு ஆத்தா. நாரு கூட இளகல" என்றார்.

இசக்கியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "சந்தோசம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை நான் கடை திறக்கவில்லை. பரணிலிருந்து கட்டை இறக்கினேன். நார் விறைத்துப்போயிருந்தது, அரிவாள்மணையில் கொடுத்து அறுத்தேன். என் மருமகன் ஓடிவந்து, "மாமா, என்ன காரியம் பண்ணுதிய! போச்சே, வெலயெல்லாம் போச்சே!" என்று தலையில் கை வைத்தான். ஓலை நொறுங்கி மடியெல்லாம் விழுந்தது. முத்து இருக்கிறதா என்று அவன் புத்தகத்தை உதறிப் பார்த்தான். பூச்சிகூட இல்லை.

கோபித்துக்கொண்ட ஒரு புருஷனும் பெண்சாதியும் ஒருவரோடொருவர் பேசாமல், வீட்டு வெள்ளாட்டிடம் பேசியே குடித்தனம் நடத்துகிற கதை. "ஏ ஆடே, சோறு வச்சாச்சுன்னு சொல்லு" என்பாள் அவள். "பசிக்கலன்னு சொல்லு ஆடே" என்பான் அவன். நான் உரக்கப் படிக்க, என் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து சிரித்துக்கொண்டிருந்தாள். ஆடு நோயில் விழுகிற இடம் வந்ததும் சிரிப்பை நிறுத்தி, கரண்டியோடு வந்து எதிரில் உட்கார்ந்துகொண்டாள். ஆடு செத்த மறுநாள், அந்த வீட்டில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, யார் முதலில் பேசுவது என்று தெரியாமல் திகைக்கிறார்கள். அந்தப் பக்கத்தை என்னால் படிக்க முடியவில்லை. புத்தகத்தை அவளிடம் கொடுத்தேன். அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, அவளே முடித்தாள்.

படித்து முடித்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டேன். பாதி வழி போன பிறகுதான், யாரிடம் சொல்லப் போகிறோம் என்று உறைத்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு, நேரே இசக்கியம்மாளிடம் போய்ச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். "ஆட்டுக் கததான?" என்றாள். "எங்கிட்ட ஆயிரம் தரம் சொல்லியிருக்காவ. நீங்க சொன்னா அவியளுக்கு நல்லாருந்திருக்கும்."

பலவேசம் அண்ணாச்சியிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்த ஒற்றைக் கேள்வியைத்தான். இப்போது என் கடையில் தராசுக்குப் பக்கத்தில் அந்தப் புத்தகம் திறந்தபடியே கிடக்கிறது. கருவாடு வாங்க வருகிறவர்களிடமெல்லாம் "படிச்சியளா?" என்று கேட்டு அதை நீட்டுகிறேன். மணத்தைப் பற்றிச் சிலருக்குப் புகார் உண்டு. படித்தவர்களுக்கு இல்லை.

கப்பல்கள் ஊளையிடவில்லை, ஐயா. கொழும்புக்குப் போன கட்டு உண்மையில் பக்கத்துத் தெருவைத் தாண்டவில்லை. கல்யாணச் சீரும், வேலைக்காரனும், கொழும்புக் காக்கையும் என் கைச்சரக்கு. கழித்துக்கொண்டே போங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. புத்தகம் நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னார் பாருங்கள், அது மட்டும் நிஜம்.