மணல் குடித்த காவி

போன வாரம் பக்கத்து வீட்டு ராஜேஸ்வரி ஒரு கண்ணாடி டம்ளரை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இதப் பாருங்கக்கா. மஞ்சளா தெரியுதா, இல்ல எனக்குத்தான் கண்ணு அப்புடியா?"

தெரிந்தது... நன்றாகவே தெரிந்தது. அவள் வீட்டு அடிபம்புத் தண்ணீர் அது.

தலத்தெருவில் எங்கள் சந்தில் ஏழு வீடு. ஆறு வீட்டில் உப்புத் தண்ணீர். ராஜேஸ்வரி வீட்டில் மட்டும் பதினைந்து அடியில் நல்ல தண்ணீர். கடலோர மண் அப்படி. சில இடத்தில் மட்டும் மேலே கொஞ்சம் நல்ல தண்ணீர் நிற்கும். அதைத் தாண்டி இறங்கினால் உப்பு. குழாயில் தண்ணீர் வராத நாளெல்லாம் சந்தே குடத்தோடு அவள் வாசலில் நிற்கும். நானும்தான்.

அந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அந்த நிமிடமே தெரியும். சொன்னேனா? இல்லை.

"இரும்புக் கறையா இருக்கும். அடிச்சு விட்டுப் பாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். வேளாங்கண்ணிக்கு வருடா வருடம் காவி உடுத்தி நடந்து போகிறோம் — எங்கள் சொந்தத்தில் பதினெட்டு பேர். போன முறை ஆளுக்கொரு கடையில் எடுத்ததில் ஒருவர் ஆரஞ்சு, ஒருவர் மஞ்சள், ஒருவர் செங்கல் நிறம். போட்டோவில் பார்க்கச் சகிக்கவில்லை. இந்த முறை வெள்ளைத் துணி எடுத்து வீட்டிலேயே சாயம் போடலாம் என்றது நான்தான்.

கொல்லையில் இரண்டு டிரம். சாயப் பொடி, கிலோ கணக்கில் கல்லுப்பு, சலவை சோடா. துணி பிடித்துக்கொண்ட நிறம் கொஞ்சம்தான். மீதி அலச அலசப் போய்க்கொண்டே இருந்தது. நாத்தனார் அந்தத் தண்ணீரைத் தெருச் சாக்கடையில் ஊற்றப் போனாள். தடுத்துவிட்டேன். ஏன்? சாக்கடை வாய்க்காலில் விழும், வாய்க்கால் கடலில் விழும். சாயப்பட்டறைக் கழிவால் ஆறு செத்துப்போவதைப் பற்றி பத்திரிகையின் இதே பக்கத்தில் பொங்கி எழுதியவள் ஆயிற்றே நான்! கொல்லை மணலில் பள்ளம் தோண்டி அதில் ஊற்றச் சொன்னேன். டிரம் டிரம்மாக ஊற்றினோம். மணல் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தது. எனக்கு அப்படி ஒரு திருப்தி.

அந்தப் பள்ளத்துக்கும் ராஜேஸ்வரியின் பம்புக்கும் நடுவே ஒரு வேலிதான்.

அன்று பீரோவைத் திறந்து நின்றேன். கத்தரிப்பூ, கிளிப்பச்சை, மயில்கழுத்து... எத்தனை நிறம்! இதில் ஒவ்வொன்றையும் ஏதோ ஓர் ஊரில் அலசியிருப்பார்கள். அந்த ஊரிலும் ஒருத்தி டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்திருப்பாள். அது தூரத்தில் இருந்தவரை எனக்குக் கோபம் வந்தது. வேலிக்குப் பக்கத்தில் வந்ததும் பயம்தான் வந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

இரண்டு நாள் தாங்கினேன். மூன்றாம் நாள் காலையில் போனேன். பம்பைப் பழுது பார்க்கிறவர் அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தார்.

"இன்னும் ஆழமா பைப்பு எறக்கலாம்னு சொல்றாரு. எறக்குனா உப்புதானேக்கா வரும்?" என்றாள் ராஜேஸ்வரி.

"ராஜி... அது இரும்புக் கறை இல்ல. எங்க சாயத் தண்ணி. நான்தான் மண்ணுல ஊத்தச் சொன்னேன்."

திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் பம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதாக்கா? கறைதான்னு நீங்க சொன்னதால, துணியில வடிகட்டி ரெண்டு நாளா புள்ளைங்களுக்குக் குடுத்துட்டேனே..."

பத்திரிகையில் எழுதுகிறவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பியிருக்கிறாள்!