ஆர்க் அடித்த கண்

நான் வெல்டர். இப்படி ஒரே சொல்லில் எழுதிவிட எனக்குக் கஷ்டமில்லை. எங்கள் வீட்டில்தான் யாரும் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. குன்னத்துகால் பக்கம் எங்கள் ஆட்கள் ராஜா காலத்துக் கச்சேரியில் கணக்கெழுதியவர்கள். அப்பா கூட்டுறவு வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மகளான நான் ஐடிஐ முடித்து வடக்கே ஒரு கப்பல் கட்டும் யார்டில் சேர்ந்ததும், "கப்பல் கம்பெனியில டிசைன் செக்‌ஷனாக்கும்" என்று அவரே எனக்கு ஒரு வேலை போட்டுக் கொடுத்துவிட்டார். பனச்சமூட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களிடமெல்லாம் அதைத்தான் சொல்வார். நான் ஏசியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேனாம். கேட்டால் எரிச்சலாக வரும். ஆனால் ஊருக்கு வரும்போது நானும் முழுக்கைச் சுடிதார்தான் போட்டுக்கொள்வேன். முன்கையில் தீப்பொறி பட்ட தழும்புகள் தெரியக் கூடாதே.

நான் வேலை பார்க்கிற கடலோரத்தைப் பற்றி அப்பா ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் விடாமல் சொல்லியிருப்பேன். ரயிலை விட்டு இறங்கியதுமே இரும்பு வாடை மூக்கில் ஏறும். சாலையின் இரண்டு பக்கமும் தகடு வெட்டுகிற பட்டறைகள், நங்கூரச் சங்கிலி செய்கிற ஆலை, கேஸ் சிலிண்டர் குடோன்கள். வீட்டுக் கூரைகளுக்கு மேலே கிரேன்கள் நிற்கும். அங்கே மீன் விற்கிற பெண்கள்கூட யார்டு சைரனைக் கேட்டுத்தான் கூடையைத் தூக்குவார்கள். கப்பலைத் துண்டு துண்டாகச் செய்து, தூக்கி வைத்து, ஒன்றோடொன்று பற்றவைப்போம். அடிவயிற்றில் ஆள் தவழ்ந்துதான் போக முடிகிற அறைகள் உண்டு. அதற்குள் மல்லாந்து படுத்துத் தலைக்கு மேலே ஜாயிண்ட் போடுவது என் வேலை. கஷ்டமான ஜாயிண்ட் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு, கொஞ்சம் திமிரும் உண்டு.

மார்த்தாண்டத்திலிருந்து பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். போட்டோவைப் பார்த்தேன், பிடித்திருந்தது. நேரில் பேசும்போது என் வேலை என்னவென்று நானே அவரிடம் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்திருந்தேன். தெரிந்துதான் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் வேண்டாம்.

ஊருக்குக் கிளம்பும் நாளில் வேலை முடிகிற நேரம். வியர்வையைத் துடைக்க முகத்து ஷீல்டைத் தூக்கினேன். சரியாக அந்த நேரம் பார்த்து, பக்கத்தில் ஒருத்தன் வெல்டிங் ராடைத் தகட்டில் தட்டிப் பற்றவைத்துவிட்டான். ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். ரயில் பாறசாலை வந்து சேர்வதற்குள் இரண்டு கண்ணிலும் மணலை அள்ளிப் போட்டதுபோல் ஆகிவிட்டது. யார்டில் இதை ஆர்க் அடித்தது என்பார்கள். ஒன்றிரண்டு நாளில் தானாகப் போய்விடும். அதுவரை கண்ணீர் நிற்காது, வெளிச்சத்தைப் பார்க்க முடியாது.

"எட்டி, வேற நாளே கெடைக்கலியா ஒனக்கு?" என்று அம்மா வெள்ளரிக்காயை நறுக்கிக் கண்ணில் வைத்தாள். காலையிலும் குறையவில்லை. கூலிங் கிளாஸ் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அப்பா முறைத்தார். "அவங்க வண்டி ஏறியாச்சு. நீ தலையக் குனிஞ்சிட்டு நில்லு, போதும்."

டீத் தட்டோடு முன்னறைக்கு வந்தேன். வாசல் வெயில் நேரே கண்ணில் அடித்தது. பொலபொலவென்று கொட்ட ஆரம்பித்துவிட்டது. மூக்கும் சேர்ந்துகொண்டது, உறிஞ்சினேன். தட்டு இரண்டு கையிலும் இருக்கிறது, எதைக் கொண்டு துடைப்பேன்? மாப்பிள்ளை எடுத்த டம்ளரைக் குடிக்காமல் கீழே வைத்தார். அவருடைய அம்மா எழுந்து வந்து என் தாடையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்.

"பிள்ள விடிய விடிய அழுதிருக்கா."

"கண்ணுல..." என்று நான் வாயெடுத்தேன்.

"தூசி விழுந்ததாக்கும்," என்றார் அப்பா.

"ரெண்டு கண்ணுலயுமா?" அந்த அம்மா குரலை உயர்த்தவில்லை. "அண்ணே, ஒளிக்கண்டாம். பிள்ளைக்க மனசுல வேற யாராவது உண்டுன்னா சொல்லிருங்க. நாங்க ஒண்ணும் நெனைக்க மாட்டோம்."

எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும். வெல்டிங் என்று சொன்னால் தீர்ந்தது. அப்பா தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வயசுப் பிள்ளையில்லியா," என்றார் கடைசியில். "கொஞ்ச நாள் போவட்டும். நான் பேசிச் சரியாக்குகேன்."

இல்லாத ஒருத்தனை என் தலையில் கட்டிவிட்டார். எங்கள் குடும்பத்தில் பெண்ணுக்கு வெளியே ஒருத்தன் இருக்கிறான் என்றால் இழவு விழுந்த மாதிரி. அதைவிடக் கேவலமா என் வேலை? யார்டு இரைச்சலுக்கு மேலே ஃபோர்மேனிடம் கத்திச் சண்டை பிடிக்கிற எனக்கு அங்கே நாக்கு எழவில்லை. நான் சொன்னால் அப்பா பொய்யராகிவிடுவார் என்று நினைத்தேன். அது பாதிதான் உண்மை. அந்த வாத்தியார் முன்னால், அந்த நல்ல சட்டைக்கு முன்னால், சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. தட்டைப் பிடித்திருந்த விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டேன். அப்பா சொன்னது நிஜம்தான் என்பதுபோல் தலையையும் குனிந்துகொண்டேன். சீ, என்ன ஜென்மம் நான்.

கிளம்பும்போது மாப்பிள்ளை மட்டும் ஒரு நொடி என் பக்கத்தில் நின்றார்.

"பயப்படண்டாம்," என்றார் மெதுவாக. "எனக்குப் பிடிக்கலேன்னு வீட்டுல நானே சொல்லிக்கிடுகேன். நீங்க மனசுக்குப் பிடிச்சவரையே கட்டுங்க."

நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்ய? கார் ரப்பர் தோட்டத்தைத் தாண்டிப் போகிற சத்தம் கேட்கிறவரை அங்கேயே நின்றேன்.

சாயங்காலம் ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்திருந்தேன். அப்பா வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். திட்டுவாரென்று நினைத்தேன், நானும் திட்டத் தயாராகத்தான் இருந்தேன்.

"மக்கா, அப்பிடி ஒருத்தன் உண்டா? உண்டுன்னா சொல்லு. எந்த ஜாதின்னாலும் நான் தடுக்க மாட்டேன்."

என் அப்பாவின் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வரும் என்று கனவிலும் நினைத்ததில்லை.

"இல்லப்பா. சத்தியமா யாரும் இல்ல."

இப்போதாவது அவருக்கு நிம்மதியாக இருக்கும் என்று எரிகிற கண்ணைத் திறந்து பார்த்தேன். முகம் விழுந்துபோயிருந்தது.

"இருந்திருக்கலாம் மக்கா," என்றார்.