கடிகாரம் வைத்துக் கேட்ட முப்பது கேள்விகள்

1. படிவத்தோடு வந்தவர்

செகந்திராபாத் பக்கம் போலாரத்தில் ஒரு பள்ளியில் பதினெட்டு ஆண்டுகளாகப் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்குச் சைக்காலஜி நடத்துகிறேன். ஆண்டுதோறும் ஜூலையில் ஒரு தகப்பனாவது பாடம் மாற்றும் படிவத்தோடு என் முன் வந்து நிற்பார். நாலைந்து வருடங்களுக்கு முன் அப்படி வந்தவர் அந்தோணி. சரக்கு ரயில் ஓட்டும் லோகோ பைலட், மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ், நடுநடுவே ஹைதராபாத் உருது கலந்த ஜோலார்பேட்டைத் தமிழ். மகள் ஜெசிந்தா டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்பவள். பயாலஜியோடு, கணக்குக்குப் பதிலாக என் பாடத்தை எடுத்திருந்தாள்.

"கைக்கு மேடம், எதுக்கு இந்த சப்ஜெக்ட்? நீட்ல இதுலேர்ந்து ஒரு கேள்வியாச்சும் வருதா?"

"ஒண்ணுகூட வராது சார்."

"அப்ப நக்கோ, வேணாம். அந்த நேரத்துல பிசிக்ஸ் படிக்கட்டும். கையெழுத்துப் போடுங்க."

"ஒக்க நிமிஷம் டாடி, ப்ளீஸ்" என்று பாதித் தெலுங்கில் கெஞ்சினாள் மகள்.

பாடம் மாற்றும் கடைசித் தேதிக்கு மூன்று வாரம் இருந்தது. "அதுவரைக்கும் விடுங்க. அப்பவும் வேணாம்னா நானே கூப்பிட்டுக் கையெழுத்துப் போடறேன்" என்றேன். தைரியம்தான். மழை வருமா என்பதில் எனக்குச் சந்தேகம் வரும். என் பாடத்தின் மேல் வந்ததில்லை. எங்கே வலிக்கிறது என்று சொல்லவே பயப்படுகிற உடம்பை எந்த பயாலஜி திறக்கும்?

2. முப்பது டிக்

முதல் பிராக்டிகலுக்கு என் வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. வீட்டில் பெரியவர் ஒருவரை உட்கார வைத்து முப்பது கேள்விகள். தூக்கம், களைப்பு, பயம், கோபம் எல்லாவற்றுக்கும் ஆம், இல்லை என்று டிக். பக்கத்தில் ஸ்டாப்வாட்ச். பெயர் எழுதக் கூடாது. பதில் வெளியே போகக் கூடாது. அவர் போதும் என்றால் போதும்.

ஜெசிந்தா தன் அப்பாவைக் கேட்டிருந்தாள். முப்பது டிக்கும் சலவையிலிருந்து வந்த மாதிரி. களைப்பு இல்லை, பயம் இல்லை, ஒரு குறையும் இல்லை. முழு மதிப்பெண் போட்டு நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"மார்க்ஸ் வேணாம் மேம். இது தப்பு."

"ஸ்கோரிங் சரியாத்தானே போட்டிருக்கே?"

"டாடி பதில் சொல்லல மேம். எக்ஸாம் எழுதினார்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எஞ்சின் ஓட்டுகிறவர்களுக்கு ரயில்வேயில் சைக்கோ டெஸ்ட் உண்டு. குறித்த காலத்துக்கு ஒருமுறை மெடிக்கல் உண்டு. தேறாவிட்டால் டீகேட்டகரி, அதாவது எஞ்சினை விட்டு இறக்கி வேறு வேலை. தாளும் பேனாவும் கடிகாரமும் ஒன்றாக எதிரே வந்தால் 'எல்லாம் நலம்' என்று எழுதி எழுதியே இருபது வருடம் வண்டி ஓட்டியவர் அவர். அவரிடம் போய் ஸ்டாப்வாட்சை வைக்கச் சொன்னது நான்.

"பேப்பர் இல்லாம மறுபடி கேக்கட்டா மேம்?"

"கேளு. கேட்டுட்டு, அவர் பேசற வரைக்கும் நீ வாயத் திறக்காதே."

3. வெற்றுத் தாள்

திங்கட்கிழமை அவள் தந்த தாளில் ஒரே வரி: 'நபர் விலகிக்கொண்டார்.' கண் சிவந்திருந்தது.

"என்னம்மா சொன்னார்?"

"வெளிய சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே மேம் சொன்னீங்க?"

தாளை வாங்கிக் கட்டில் செருகினேன். சண்டை போட்டு இவளைப் பாடத்தை விட்டே இழுத்துக்கொண்டு போய்விடுவாரோ என்று அந்த வாரம் முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்தினேன்.

4. கடைசித் தேதி

அந்தோணி தனியாக வந்தார். காலில் கட்டு, ரப்பர் செருப்பு.

"பூண்டு உரிச்சிக்கினு இருந்தேன் மேடம். நான் நொண்டறத பாத்திருக்கா போல. 'டூட்டி முடிஞ்சு ஷூவ கழட்டறப்ப கால் எப்டி இருக்கும் டாடி'ன்னா. கேட்டுட்டு கம்முனு உக்காந்துட்டா. நானும் கம்முனு இருந்து பாத்தேன். எவ்ளோ நேரம்தான் இருக்கறது? வாய் தானா தொறந்துச்சு."

நான்கு மாதமாகப் பாதம் மரத்துப் போயிருந்தது. ஓயாத தாகம். ஷூ கடித்த புண்கூடத் தெரியவில்லை. எஞ்சின் போய்விடும் என்று மனைவியிடமும் மறைத்திருக்கிறார்.

"எழுதினா தோலை உரிப்பேன்னு கத்திட்டேன். 'எழுத மாட்டேன் டாடி, யாருக்கும் சொல்லவும் மாட்டேன். நீங்களே போய் சொல்லுங்க'ன்னா. அவ்ளோதான். ரெண்டு நாள் சோறு இறங்கல. நானே ரயில்வே ஆஸ்பத்திரில போய் சொல்லிட்டேன். சுகரு. இன்னும் விட்டிருந்தா விரல் போயிருக்கும்னாரு டாக்டரு. இப்ப வண்டி இல்ல. சுகர் அடங்கினா பாக்கலாம்னு சொல்லிக்கிறாங்க."

"பொண்ணு மேல கோபமா சார்?"

"ஹவ், ஆமா, கோவம்தான். எஞ்சின விட்டு இறக்கிட்டாளே!" கட்டுப் போட்ட காலை நகர்த்தி வைத்தார். "எத்தினி டாக்டருங்க கேட்டாங்க, ஒருத்தருக்கும் வாயத் தொறக்கல மேடம். இதையே படிக்கட்டும்."

அவர் போனதும் முப்பது டிக் போட்ட தாளில் என் மதிப்பெண்ணை அடித்தேன். வெற்றுத் தாளில் முழு மதிப்பெண்ணை எழுதினேன். ஜெசிந்தா இப்போது எம்.பி.பி.எஸ். மூன்றாம் ஆண்டு.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் இளம் ஆசிரியர்களுக்கு நான் சொல்ல இவ்வளவுதான் உண்டு. ஸ்டாப்வாட்சை அலமாரியில் பூட்டுங்கள். கையில் ஏதாவது வேலை இருக்கும்போது மனிதரைக் கேட்கச் சொல்லுங்கள். குறையே இல்லாமல் நிரம்பிய தாள் வந்தால் இரண்டு முறை படியுங்கள். காலித் தாளோடு ஒரு பிள்ளை வந்து, நீங்கள் கேட்டும் காரணம் சொல்லாமல் நின்றால், டாக்டர் ஒருத்தி முன்னால் நிற்கிறாள் என்று எடுத்துக்கொண்டு மதிப்பெண் போடுங்கள்.