எண்ணெய் ஊற்றாத மிளகாய் விழுது

வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பியூன் வாசலிலேயே நின்றார். "அந்துவான் முசியே காலையில தவறிட்டாராம், சார்." பாடத்தை நிறுத்தினேன். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள்.

இந்தப் பள்ளியில் படித்த உங்களில் பலருக்கு அவர் பிரெஞ்சு வாத்தியார். எனக்கு அடுத்த அறைக் குடித்தனக்காரரும்கூட. சைகோனில் உத்தியோகம் பார்த்துவிட்டு, அங்கே மணந்த லானோடு கப்பலில் வந்து இறங்கியவர். எங்கள் வீட்டில் பல குடும்பங்களுக்கு ஒரே முற்றம், ஒரே அம்மி.

வந்த புதிதில் லான் அறையை விட்டு வெளியே வருவதில்லை. சோறு அவருக்கு இறங்கவில்லை. பள்ளியிலிருந்து திரும்பும்போது ஒருநாள் முசியே சொன்னார்: "அவங்க அக்கா சைகோனுக்கே வந்துடச் சொல்லுது. போறேன்னா தடுக்கமாட்டேன். ஆனா பட்டினியா அனுப்பமாட்டேன்."

அங்கே எல்லாச் சோற்றோடும் ஒரு மிளகாய் விழுது உண்டாம். முசியே சாப்பிட்டிருக்கிறார், செய்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, பெரிய மார்க்கெட்டிலிருந்து பழுத்த மிளகாயோடு வந்தார். அம்மிக்கு முன்னால் உட்கார்ந்தார். எதிர் அறை சரளா அக்கா விடவில்லை.

"என்னா முசியே, மதாமுக்குக் கை நோவுதா?"

"எனக்குத்தாங்கா நோவுது. செத்த நகருங்க."

பூண்டு, உப்பு, வினிகர். அதோடு விட்டிருக்கலாம். எண்ணெய் இல்லாவிட்டால் கெட்டுவிடும் என்று நம் வீடுகளில் வளர்ந்த கை பயந்தது. நல்லெண்ணெய் காய்ச்சி, கடுகு தாளித்து, பெருங்காயமும் போட்டு ஊற்றினார். லான் தொட்டு நக்கிவிட்டு, தமிழில், "நல்லா இருக்கு" என்றார். பிறகு உப்பை மட்டும் தொட்டுக்கொண்டு இரண்டு வாய் சாப்பிட்டார்.

மறுபடி அரைத்தார். இந்தத் தடவை எண்ணெய் இல்லை. ஜாடியின் வாயில் துணி கட்டி நிழலில் வைத்தார். சில நாளில் மேலே வெள்ளையாகப் பூத்தது.

"கெட்டுப்போச்சு முசியே. கொட்டிடுங்க," என்றார் அக்கா.

முசியேவுக்கும் தெரியவில்லை. கொட்டுவதற்கு ஜாடியைத் தூக்கிவிட்டார். அப்போது லான் முற்றத்துக்கு வந்தார், நாங்கள் பார்க்க முதல் தடவையாக. ஜாடியை வாங்கி முகர்ந்தார். கரண்டியால் அந்த வெள்ளையை மட்டும் வழித்துப் போட்டார். அடியில் இருந்த விழுதில் ஒரு துளியை அக்காவின் உள்ளங்கையில் வைத்தார். அக்கா தும்மினார். லான் சிரித்தார்.

அன்று லானுக்குச் சோறு இறங்கியது. சைகோன் பேச்சை அவர்கள் அதன்பின் எடுக்கவில்லை.

முதல் விழுது தேறவில்லை என்று எப்படித் தெரிந்தது என்று பின்னொரு நாள் முசியேவிடம் கேட்டேன். "வாய் மரியாதைக்குச் சொல்லும். தட்டைப் பாருங்க," என்றார்.

அடக்கம் முடிந்து வந்ததும் அக்கா லானுக்குச் சோறு போட்டார். எப்படி இருக்கிறது என்று யாரோ கேட்டார்கள். "நல்லா இருக்கு," என்றார் லான்.

நான் தட்டைப் பார்த்தேன். முசியேவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பார்வைதான். பருக்கை கலையவில்லை. லான் ஒரு வாயாவது எடுக்கும்வரை அக்காவும் நானும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம்.